நடுவில் இவர்கள் எதற்கு?

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு மேல் மயிலாப்பூரில் வாழ்ந்துவிட்டு, இப்போது மகன் குடும்பத்துடன் பெருங்குடியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பழைய நண்பர்கள் ஒவ்வொரு பங்குனியிலும் ‘அறுபத்துமூவருக்கு வந்துவிடு’ என்று அழைக்கிறார்கள். தரிசனம் நேரலையிலேயே கிடைத்துவிடுகிறது. நட்பு வேறு, பக்தி வேறு. இறைவனுக்கும் எனக்கும் நடுவில் இவர்கள் எதற்கு? ஆனாலும் சில காலமாக வழிபாட்டில் மனம் ஒட்டவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?
— பெருங்குடி வாசகர்

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியிலேயே காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்தி குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மனம் சோர்ந்த நாளில் உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக ஆள் இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

‘நடுவில் இவர்கள் எதற்கு’ என்ற கேள்வி பழையது. திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, சுந்தரர் அவர்களைக் கடந்து நேரே சன்னதியை நோக்கிப் போனார். அவர் உள்ளத்தில் அடியார்கள்மீது அன்பு நிறைந்திருந்தது என்றுதான் சேக்கிழார் சொல்கிறார். ஆனால் அங்கிருந்த அடியார்களில் ஒருவரான விறன்மிண்டருக்கு அது போதவில்லை. அடியாரை வணங்காத வன்தொண்டன் சுந்தரனும் அடியார் கூட்டத்துக்குப் புறம்பு, அவனை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்ற சுந்தரருக்கே, மனத்துக்குள் வைத்திருக்கும் அன்பு போதும் என்ற சலுகை கிடைக்கவில்லை. அதன் பிறகே அவர் ஒவ்வோர் அடியாராகப் பெயர் சொல்லி ‘அடியேன்’ என்று திருத்தொண்டத்தொகை பாடினார். உங்கள் நண்பர்கள் எந்த விழாவுக்கு அழைக்கிறார்களோ, அந்த அறுபத்துமூவரின் வரிசையே அதிலிருந்து வந்ததுதான். பெருவிழாவின் எட்டாம் நாள் கபாலீசுவரர் தனியாக வருவதில்லை. அடியார் கூட்டத்தோடுதான் வீதிக்கு வருகிறார்.

மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் இதே மாட வீதிகளில் பஜனை பாடி வலம் வந்தார். அவர் மறைந்தது 1973-இல். பஜனை இன்றும் நடக்கிறது. குளிரில் தொண்டை கட்டிக்கொண்டவர் ஓரிடத்தில் நிறுத்தினால், பக்கத்தில் நடப்பவர் அடியை எடுத்துக் கொடுக்கிறார். தாமதமாக எழுந்தவர் அடுத்த முனையில் வந்து சேர்ந்துகொள்கிறார். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்வதால்தான் பாட்டு நிற்காமல் போகிறது. நேரலையில் நீங்கள் நிறுத்தினால் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. நீங்கள் வராவிட்டால் தேடுவாரும் இல்லை. நடமாட முடியாதவர்களுக்கு நேரலை பெரும் உதவி என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு தடை இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தீட்டு என்று அங்கே பூஜையறையில் விளக்கேற்றுவதில்லை. பல வீடுகளில் அடுப்பும் பற்றவைப்பதில்லை. ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, வாத்தியாரை அழைப்பது, பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து துயரில் இருக்கும் அந்த வீட்டு அம்மாளைக் குடிக்க வைப்பது, ஓயாமல் அடிக்கும் தொலைபேசியை அவர் கையிலிருந்து வாங்கித் தாமே பதில் சொல்வது எல்லாம் அக்கம்பக்கத்தாரும் பழைய நண்பர்களும் செய்கிறவை. பிரார்த்திக்கக்கூட வாய் எழாத அந்த வீட்டுக்காக, அந்த நாட்களில் வேறு யாரோ கோயிலில் நின்று வேண்டிக்கொள்கிறார்கள். நம்பிக்கை என்பது ஒருவரே எந்நாளும் தூக்கிச் சுமக்கக்கூடிய பாரம் என்று நான் எண்ணவில்லை. மாற்றித் தூக்க ஆட்கள் வேண்டும். அவர்களோடு பல்லாண்டுப் பழக்கமும் வேண்டும்.

இது நம் சமயத்துக்கு மட்டும் உரியதன்று. 1795-இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில், ரமலான் மாலைகளில் நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறுகிறவர்களில் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் இருக்கிறார்கள். தலையில் தொப்பி அணிந்து வரிசையாகப் பரிமாறும் அவர்கள் தங்கள் சமயத்தை விட்டுவிட்டு வரவில்லை. பல்லாண்டுகளாகத் தொடரும் இந்த உறவால் யாருடைய வழிபாடும் குறைந்துபோகவில்லை.

கூட்டம் காயப்படுத்தவும் செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதி பார்த்து ஒதுக்கும் கூட்டத்தையும், கைம்பெண்ணை முன்வரிசையில் நிற்கவிடாத கூட்டத்தையும், நன்கொடை தராதவரைப் பெயர் சொல்லித் தூற்றும் கூட்டத்தையும் நான் ஒருபோதும் அடியார் கூட்டம் என்று ஏற்க மாட்டேன். அப்படிப்பட்ட இடத்திலிருந்து நீங்கள் விலகியிருந்தால், சரியாகச் செய்தீர்கள் என்றே எழுதியிருப்பேன். உங்கள் நண்பர்களோ, ஆண்டுதோறும் நீங்கள் வராமல் இருந்தும், அழைப்பதை நிறுத்தவில்லை.

பெருங்குடியில் பறக்கும் ரயிலில் ஏறினால் திருமயிலை நிலையத்தில் இறங்கலாம். கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். எட்டாம் நாளன்று பிற்பகலிலேயே போய்விடுங்கள். உங்கள் நண்பர்கள் நீர்மோர்ப் பந்தலில் நிற்பார்கள் என்றால், நீங்களும் ஒரு குவளையை எடுத்து வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுங்கள். உங்கள் தளத்தில் எதிர் வீட்டில் இருப்பவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. தெரியாவிட்டால் இந்த வாரமே கதவைத் தட்டிக் கேளுங்கள். பங்குனிக்கு அவரையும் உடன் வருமாறு அழையுங்கள்.