சித்தப்பா வச்சிட்டுப் போன கோப்பி

வணக்கம் அங்கிள். நான் சுங்கை சிப்புட் பிள்ளதான், இப்ப யூனில மூணாவது வருஷம். மலேசியாவுல 2022 நவம்பர் பொதுத் தேர்தல்லதான் முதல் ஓட்டு போட்டேன், அப்ப எனக்கு 18. எங்க கோர்ஸ் வாட்சாப் குரூப்ல அரசியல் வந்தாலே சண்டைதான். போன மாசம் என் ரூம்மேட் ஒரு கட்சிய ஆதரிச்சு எழுதினா, நான் "உனக்கெல்லாம் மூளையே இல்லையா"ன்னு போட்டுட்டேன், அவ குரூப்ப விட்டே போயிட்டா, இப்ப ஒரே ரூம்ல இருந்துகிட்டு பேசிக்கிறதில்ல. அப்பாகிட்ட சொன்னா "படிக்கப் போனியா அரசியல் பேசப் போனியா, புடிச்சி வெளிய போட்ருவாங்க"ன்னு ஏசுறாரு. வாய மூடிட்டு இருக்கிறதுதான் நல்லதா அங்கிள்? பேர் போடாதீங்க.

பேர் வேணாம்னு சொன்ன பிள்ளைக்கு,

அப்பா விஷயத்த முதல்ல பாத்துடுவோம். அவர் பயம் சும்மா வந்ததில்ல. 1974 கடைசியில ரப்பர் விலை விழுந்து கெடா பாலிங்ல சின்னத் தோட்டக்காரங்க சோத்துக்கே கஷ்டப்பட்டு தெருவுக்கு வந்தாங்க, அவங்களுக்காக கோலாலம்பூர்ல யூனி பிள்ளைங்களும் இறங்கினாங்க, ஆயிரத்துக்கு மேல புடிச்சிட்டுப் போனாங்க. யோசிச்சுப் பாரு, பால் வெட்டுறவங்க வயித்துக்காக படிக்கிற பிள்ளைங்க போனது. அடுத்த வருஷமே ஆக்கு சட்டத்த, அதான் 1971 பல்கலைக்கழகச் சட்டம், இன்னும் இறுக்கிட்டாங்க. கட்சியில சேரக்கூடாது, ஆதரவாவும் பேசக்கூடாது எதிர்ப்பாவும் பேசக்கூடாது. நான் படிச்ச காலத்துல ஹாஸ்டல்ல பேப்பர்ல அரசியல் பக்கத்த மட்டும் மனசுக்குள்ளயே படிப்போம், இப்ப நெனச்சா சிரிப்பு வருது. ஆனா அதெல்லாம் மாறிடுச்சின்னு அப்பாகிட்ட சொல்லு. 2012ல கட்சியில சேரலாம்னு விட்டாங்க, 2018 டிசம்பர்ல கேம்பஸுக்குள்ள இருந்த தடையையும் எடுத்தாங்க. 2019ல ஓட்டு வயச 21ல இருந்து 18 ஆக்கினப்ப மக்களவையில 211 பேர் ஆதரிச்சாங்க, எதிர்த்து ஒருத்தர்கூட இல்ல, எந்த விஷயத்துல நம்ம ஆளுங்க அப்படி ஒண்ணா கை தூக்கியிருக்காங்க சொல்லு.

இப்ப உன் ரூம்மேட். நீ எழுதினத படிச்சதும் எனக்கு என் சித்தப்பா ஞாபகம்தான் வந்துச்சு.

2008 மார்ச் 8 ராத்திரி. 1974ல இருந்து நம்ம சுங்கை சிப்புட் எம்பியா இருந்த பாரிசான் கூட்டணி சாமிவேலு 1,821 ஓட்டுல தோத்தாரு, எதிர்க்கட்சி டாக்டர் ஜெயக்குமார் ஜெயிச்சாரு. டவுன்ல கோப்பிக் கடையில எங்களுக்கு தலகால் புரியல. சித்தப்பா மூலையில ஒக்காந்திருந்தாரு, பாரிசானோட தராசு சின்னத்தத் தவிர வேற எதுக்கும் பேனா வைக்காத மனுஷன். நான் மேசையத் தட்டி "இத்தன வருஷம் கண்ண மூடிட்டு போட்டீங்களே, வெக்கமா இல்லையா"ன்னு கேட்டேன், அதுவும் எல்லார் முன்னாடியும். அவரு ஒண்ணுமே சொல்லல, கோப்பி ஓ பாதி அப்படியே இருக்கு, தட்டுல கோப்பிக்காச சில்லறையா எண்ணி வச்சிட்டு மோட்டர எடுத்துட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் என் வீட்டு வாசப்படி மிதிக்கல.

அவர் சாவு வீட்டுலதான் அவர் மகன் சொன்னான். சித்தி ஈப்போ ஆஸ்பத்திரியில தவறினப்ப கையில காசு இல்லாம நின்னிருக்காரு, அந்தக் கட்சிக் கிளைத் தலைவர் ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா வேன் புடிச்சி பொணத்த தோட்ட லயத்துக்கு கொண்டாந்து சேத்து, காடு போற வரைக்கும் கூடவே நின்னிருக்காரு. அந்த வேனுக்குத்தான் இத்தன வருஷமும் ஓட்டு. அது சரியான காரணமா தப்பான காரணமான்னு அப்புறம் வாதம் பண்ணலாம், ஒரு வேன் கடன ஓட்டால அடைக்கிறதுல எனக்கு இன்னமும் சம்மதம் இல்ல, ஆனா நான் அவர்கிட்ட எதுக்கு போடுறீங்கன்னு ஒரு தடவகூட கேட்டதில்லையே. கேட்டிருந்தா அந்த வாதத்தையாவது பண்ணியிருக்கலாம்.

அதனால வாய மூடாத, ஆனா ரூம்மேட்கிட்ட போய் கட்சிப் பேச்ச ஆரம்பிக்காத. மன்னிப்ப குரூப்ல எழுதாத, நேர்ல சொல்லு, ஒரு மைலோ கலக்கி குடு. அப்புறம் அவ வீட்டுல யாரு முதல்ல அந்தக் கட்சிக்கு போட்டாங்க, எதனாலன்னு கேளு, கேட்டுட்டு நடுவுல பூந்து பேசாத (இது ரொம்ப கஷ்டம், எனக்கு இன்னமும் வராது). அவ முடிச்சதும் உனக்கு ஒத்துவராத எடத்த மட்டும் சொல்லு. ஆள விட்டுட்டு விஷயத்த புடி. ராத்திரி பதினோரு மணிக்கு மேல வாய்ஸ் நோட் மட்டும் வேணாம், அதுல உருப்பட்ட பேச்ச நான் கேட்டதே இல்ல.

இன்னொண்ணு. அரசியல்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ வெரல்ல மை வச்சிக்கிறது மட்டும்தான்னு நெனச்சிட்டோம், அடுத்த தேர்தல் எப்படியும் 2028 தொடக்கத்துக்குள்ள வந்துடும், அது வரைக்கும் என்ன பண்றது, சண்ட போட்டுகிட்டேவா இருக்கிறது? ஊராட்சித் தேர்தல 1965லயே நிப்பாட்டிட்டாங்க, கவுன்சிலர்கள மாநில அரசாங்கம்தான் நியமிக்குது, அதனால நம்ம தாமான்ல, அதான் குடியிருப்புல, வடிகால் அடைச்சா யாரையும் தோக்கடிக்க முடியாது. ஆனா 1976 உள்ளாட்சிச் சட்டம் ஊராட்சி மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கு தெறந்திருக்கணும்னு சொல்லுது, அவங்களா தீர்மானம் போட்டு மூடினாத்தான் இல்ல. நம்ம பக்கம் எத்தன பேருக்கு இது தெரியும்? நானே அறுபது வயசுல ஒரு தடவதான் போயிருக்கேன், பின் வரிசையில ஒக்காந்தேன், யாரு நீங்கன்னு கேட்டாங்க, வரி கட்டுறவன்னேன், சரின்னு விட்டுட்டாங்க.

உங்க வீட்டுப் பின்னால அந்த வடிகால் இன்னும் அப்படியேதான் கெடக்கு, மழ பேஞ்சா பாட்டி சமையக்கட்டுக்கு தண்ணி வருதுன்னு உங்கப்பாவே சொன்னாரு. அடுத்த கூட்டம் எப்பன்னு விசாரிச்சு எழுதுறேன். லீவுக்கு வர்றப்ப வடிகால நாலு பக்கமும் போட்டோ எடுத்து தேதி போட்டு வை, ரூம்மேட்டுக்கு இஷ்டம்னா அவளையும் கூட்டிட்டு வா. அப்பாவும் வரட்டும், பெட்ரோல் என் செலவு.