குற்றம் எது?

கேள்வி: மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தைப் படம் எடுத்து வருகிறேன். ‘இது ஆவணமா, கலையா? வெட்டிப்போட்ட மலையை இவ்வளவு அழகாகக் காட்டுவது குற்றம்’ என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: குற்றமா? ஏற்காடு என்றாலே ஏரி, படகு, பனி, லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகள் என்று வருஷா வருஷம் அதையே அச்சடிக்கிறார்களே, அந்தக் காலண்டர்களைத்தான் நான் கூண்டில் ஏற்றுவேன். அதே சேர்வராயன் மலையில்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன் அந்த மேடு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. பச்சையை இன்னும் பச்சையாக்கிய படங்கள்தான் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

அழகு வந்தால் ஆவணம் கெட்டுவிடும் என்று உங்கள் நண்பர் பயப்படுகிறார். அமெரிக்காவில் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் 1861-இல் பெரிய கண்ணாடித் தகடுகளில் யோசெமிட்டி பள்ளத்தாக்கை எடுத்தார். அத்தனை அழகான படங்கள். 1864-இல் அந்த இடத்தைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். அதற்கு இந்தப் படங்களும் துணை நின்றன என்பார்கள். அதே வாட்கின்ஸ் சுரங்கக்காரர்களுக்கும் படம் எடுத்துக் கொடுத்தவர்தான். இன்று அவையும் மியூசியத்தில் இருக்கின்றன, மண்ணை என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சியாகவும் இருக்கின்றன.

சரி, உங்கள் சுரங்கத்துக்கு வருகிறேன். வெள்ளைக்கல் குவியலுக்கு முன்னால் கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் வெள்ளை சாம்பல் நிறமாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது கூட்டுங்கள், அதாவது உள்ளே விழும் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்குங்கள். பழுப்பேறிய பாறைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடுவது அப்போதுதான் தெரியும். அந்த நரம்புக்காகத்தானே இத்தனை குடைந்தார்கள்? எஃகு உலைகளின் உட்சுவருக்குத் தீச்செங்கல் அதிலிருந்துதான் வருகிறது. வெள்ளை வெள்ளையாக விழுந்தால் படம் அழகாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும். இதில் ஆவணத்துக்கு ஒரு அளவு, கலைக்கு ஒரு அளவு என்று கிடையாது.

அப்புறம், படத்துக்குக் கீழே இடம், தேதி, எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எழுதுங்கள். அடுத்த கோடையிலும் அதே இடத்தில் நின்று எடுங்கள். பத்துப் படம் அனுப்பினால் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். குறிப்பில்லாமல் வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் போட மாட்டேன்.