அதற்கு முன்னால் என்ன நடந்தது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வரலாற்றுக் கேள்விகள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டீச்சர், 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிளைத் துருக்கியர் பிடித்ததால் ஆசியாவுக்குப் போகும் வழி அடைபட்டது, அதனால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று படித்தோம். இப்போது அது சரியில்லை என்கிறார்களே?

சரியில்லைதான். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் பல ஆண்டுகள் நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பாடநூலில் ஒரே வரியில் இருந்தது, மனத்தில் நிற்க வசதியாகவும் இருந்தது. ஒரு நாள் கரும்பலகையில் ஆண்டுகளை எழுதிப்போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "1415-உம் 1434-உம் 1453-க்கு முன்னால்தானே டீச்சர் வருகிறது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எனக்குப் பதில் இல்லை.

1415-இல் போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ள சியூட்டாவைப் பிடித்துவிட்டார்கள். 1434-இல் ஜில் இயானஸ், மாலுமிகள் அஞ்சி ஒதுங்கிய பொஜடோர் முனையைத் தாண்டிவிட்டார். 1444-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்களைப் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் அடிமைகளாக விற்றார்கள். கான்ஸ்டாண்டிநோபிள் விழ இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது! போர்ச்சுகீசியர் கடலில் இறங்கியது அடைபட்ட கதவுக்காக அல்ல. ஆப்பிரிக்கத் தங்கம் எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் இறங்கினார்கள்.

அப்புறம், மிளகும் கிராம்பும் எந்த வழியாக ஐரோப்பாவுக்குப் போயின? பெரும்பகுதி செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர்களின் கப்பலில் ஏறியது. அந்த எகிப்தை ஆண்டவர்கள் மம்லூக்குகள் என்ற வேறு அரச மரபினர். உதுமானியத் துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517-இல். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்பே, 1498-இல், வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்துவிட்டார். துருக்கியரும் வணிகத்தை மூடவில்லை, வரி வாங்கினார்கள். நகரம் விழுந்த மறு ஆண்டே, 1454-இல், வெனிஸ் சுல்தானோடு வணிக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.

வாஸ்கோ ட காமா முதலில் கரைக்கு அனுப்பிய ஆளை அங்கே எதிர்கொண்டவர்கள், ஸ்பானிய மொழி தெரிந்த துனிசியா நாட்டு முஸ்லிம்கள் இருவர். இவ்வளவு தூரம் எதைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, கிறிஸ்தவர்களையும் நறுமணப் பொருள்களையும் தேடி வந்தோம் என்றான் அவன். அந்தப் பயணத்தின் நாட்குறிப்பில் இது இருக்கிறது. இடையில் நிற்கும் வெனிசையும் கெய்ரோவையும் சுற்றிக்கொண்டு போய் நேரடியாக வாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அப்படியானால் 1453 திருப்புமுனையே இல்லையா? திருப்புமுனைதான், வேறு காரணத்துக்காக. ஓர்பன் என்ற பீரங்கி வார்ப்பவர் முதலில் கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனிடம்தான் வேலைக்குப் போனார். பேரரசரிடம் கூலி கொடுக்கப் பணம் இல்லை. அதனால் அவர் இரண்டாம் மெகமத் சுல்தானிடம் போனார். நகரம் விழுந்தபோது சுல்தானுக்கு வயது இருபத்தொன்று. எதிர்னே நகரில் வார்த்த பெரிய பீரங்கியை அறுபது எருதுகள் இழுத்து வந்ததாக அக்காலத்தவர் எழுதினார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் கட்டி ஆயிரம் ஆண்டுகள் நின்ற மதில், ஐம்பத்து மூன்று நாள் முற்றுகையில், மே 29 அன்று விழுந்தது. உயரமான மதில் இனிக் காப்பாற்றாது என்று எல்லா நாட்டு அரசர்களுக்கும் தெரிந்துவிட்டது. அதன்பின் இத்தாலியில் தாழ்வாகவும் தடித்தும், முனைகள் நீண்டும் இருக்கும் புதுவகைக் கோட்டைகள் எழுந்தன. அவற்றைக் கட்ட ஏராளமான பணம் வேண்டும். சிறிய பிரபுக்களால் முடியாது, நாடு முழுக்க வரி வாங்கும் அரசனால்தான் முடியும். பாடநூலில் அந்த ஒரு வரி இருந்த இடத்தில் இது இருந்திருக்கலாம்.

அந்த மாணவி கேட்ட நாளிலிருந்து எந்த ஆண்டைப் பார்த்தாலும் "அதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று கேட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கீழே வரும் பதில்களிலும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

கேள்வி: முற்றுகையிட்ட மங்கோலியர் நோயில் செத்தவர்களின் உடல்களைக் கோட்டைக்குள் எறிந்ததால்தான் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் ஐரோப்பாவுக்குப் பரவியதாமே? அந்த நோய் ஏழைகளுக்கு நன்மை செய்தது என்பதும் உண்மையா?

கருங்கடல் கரையில் உள்ள காஃபா கோட்டையைப் பற்றிய கதை அது. அதை எழுதிவைத்த கபிரியேலே தெ முசி, இத்தாலியின் பியாசென்சா நகரத்து ஆவண எழுத்தர். அவர் அங்கே இருந்து பார்த்தவர் அல்ல. உடலை எறிந்தார்களோ இல்லையோ, இந்த நோய் பரவ அது தேவையில்லை. எலியும் அதன் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியும் தானியக் கப்பலும் போதும். 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்குக் கப்பலில்தான் நோய் வந்து இறங்கியது.

காஃபாவுக்கு முன்னால் என்ன நடந்தது? இதற்குப் பதில் அண்மையில்தான் உறுதியானது. கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகே ஒரு பழைய கிறிஸ்தவ இடுகாடு இருக்கிறது. அங்கே 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளில் கல்லறைகள் திடீரென்று பெருகியிருக்கின்றன. சில கற்களில் சிரியாக் எழுத்தில் கொள்ளைநோயால் இறந்தவர் என்றே வெட்டியிருக்கிறார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களின் பற்களில் கறுப்புச் சாவுக் கிருமியின் மரபணு இருப்பதை 2022-இல் அறிவித்தார்கள். செய்தியைப் படித்த அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இறந்தவருக்காக உறவினர் கல்லில் வெட்டிய ஒரு சொல், அறுநூற்று எண்பது ஆண்டுகள் கழித்துச் சாட்சியாக வந்து நிற்கிறது.

நன்மை என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மக்கள் செத்தார்கள். மிஞ்சியவர்களில் உழைப்பவர்களுக்குக் கூலி ஏறியது என்பது உண்மை. இங்கிலாந்து அரசு 1349-இல் ஓர் ஆணையும் 1351-இல் ஒரு சட்டமும் போட்டு, கொள்ளைநோய்க்கு முந்தைய கூலிதான் கொடுக்க வேண்டும் என்றது. ஆட்கள் இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்தை முழுதாக நிறைவேற்ற முடியவில்லை. அந்தக் கசப்பும் தலைவரியும் சேர்ந்து 1381-இல் உழவர் கிளர்ச்சியாக வெடித்தன. ஆனால் ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியில், அடுத்து வந்த நூற்றாண்டுகளில் பண்ணையடிமை முறை இன்னும் இறுகியது. எகிப்தில் வாய்க்கால்களைத் தூர்வார ஆளில்லாமல் வேளாண்மையே சரிந்தது. ஒரே நோய்தான். நிலம் யார் கையில், சட்டம் யார் கையில் என்பதைப் பொறுத்து விளைவு இடத்துக்கு இடம் மாறியது.

கேள்வி: சீனாவிலும் கொரியாவிலும் அச்சுக்கலை முன்பே இருந்ததே. பிறகு ஏன் குட்டன்பர்குக்கு இவ்வளவு பெருமை?

நியாயமான கேள்வி. 1040-களில் சீனாவில் பி ஷெங் களிமண்ணில் தனித்தனி எழுத்துகள் செய்து அச்சிட்டார். கொரியாவில் 1377-இல் உலோக எழுத்தில் அச்சான பௌத்த நூல் இன்றும் இருக்கிறது. குட்டன்பர்க் பைபிளை முடித்தது 1455 வாக்கில். முதன்மை அவருக்கு இல்லை.

சீன எழுத்துக்கு ஆயிரக்கணக்கான அச்சுகள் வேண்டும், லத்தீனுக்குச் சில நூறு போதும் என்பது ஒரு வேறுபாடு. அதைவிடப் பெரியதாக நான் நினைப்பது, அச்சிட்டதை யார் வாங்கினார்கள் என்பது. கொரியாவில் உலோக எழுத்து பெரும்பாலும் அரண்மனைப் பட்டறையின் கையில் இருந்தது. குட்டன்பர்கின் மெயின்ஸ் நகரில் அது கடன் வாங்கிச் செய்த தொழில். கடன் கொடுத்த யோகான் ஃபுஸ்ட் வழக்குப் போட்டு வென்றார். போட்ட பணத்தை எடுத்தே ஆக வேண்டிய தொழிலில் விற்கும் சரக்கைத்தான் அச்சிடுவார்கள்.

அந்தச் சரக்குகளில் ஒன்றைச் சொல்கிறேன். மெயின்சில் அச்சானவற்றில் ஆண்டு குறித்த மிகப் பழையது பைபிள் அல்ல, 1454-ஆம் ஆண்டின் பாவமன்னிப்புச் சீட்டு, அதாவது பணம் வாங்கிக்கொண்டு பாவத் தண்டனை நீங்கும் என்று திருச்சபை கொடுத்த சீட்டு. பெயரும் தேதியும் எழுத இடம் விட்டு, மற்றதெல்லாம் அச்சடித்த ஒரு தாள். எதற்காக விற்றார்கள்? கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் பின் துருக்கியரிடமிருந்து சைப்ரஸ் தீவைக் காக்கப் பணம் திரட்ட! அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1517-இல், இத்தகைய சீட்டுகளை எதிர்த்து மார்ட்டின் லூதர் எழுதிய 95 வாதங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனதும் அச்சுதான்.

கேள்வி: பூமி தட்டை என்று எல்லோரும் நம்பியபோது கொலம்பஸ் மட்டும் உருண்டை என்றாராமே?

இல்லை. படித்தவர்கள் எல்லோருக்கும் உருண்டை என்று தெரியும். அளவில்தான் சண்டை. கானரித் தீவுகளிலிருந்து ஜப்பானுக்கு உள்ள தூரத்தை, உண்மையில் இருப்பதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கணக்கிட்டார் கொலம்பஸ். அவரை மறுத்த அறிஞர்கள் சொன்னதுதான் சரி. நடுவில் அமெரிக்கா இல்லையென்றால் கப்பலில் இருந்த அனைவரும் பட்டினியால் இறந்திருப்பார்கள்.

கேள்வி: சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே அவ்வளவு பெரிய கப்பற்படையோடு போயும் சீனா ஏன் கடலை விட்டு விலகியது?

1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். முதல் பயணத்திலேயே இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். கொலம்பஸின் மூன்று கப்பல்களில் இருந்தவர்கள் ஏறக்குறைய தொண்ணூறு பேர். இலங்கையின் காலி நகரில் செங் ஹே விட்டுப்போன 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் இருக்கிறது. அந்தக் கடலில் எந்த மொழிகள் செல்லும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சீனர்களுக்குத் தொலைநோக்கு இல்லை என்று சொல்வது அநியாயம். தலைநகர் 1421-இல் வடக்கே பெய்ஜிங்குக்குப் போனது. ஏழு பயணங்களில் முதல் ஆறை அனுப்பிய யோங்லே பேரரசர் 1424-இல் இறந்தார். 1449-இல் துமு என்ற இடத்தில் ஒய்ராத் மங்கோலியர் சீனப் பேரரசரையே சிறைபிடித்துவிட்டார்கள். வாசலில் குதிரைப்படை நிற்கும்போது கஜானாவைக் கடலில் கொட்ட யார் சம்மதிப்பார்கள்? கப்பல் பயணங்கள் அரசரின் பெருமையைக் காட்டின, செலவைத் திருப்பித் தரவில்லை. நின்றது அரசுப் பயணம்தான். தெற்குக் கரையோர மக்கள் அரசின் தடையை மீறிக் கடல் வணிகம் செய்துகொண்டேதான் இருந்தார்கள். 1567-இல் அரசே இறங்கிவந்து ஒரு துறைமுகத்தைத் திறந்துவிட்டது.

கேள்வி: ஒரே ஓர் ஆண்டைத்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்? 1453-ஆ, 1492-ஆ?

இரண்டும் இல்லை. 1571.

அந்த ஆண்டு என்றதும் லெபாண்டோ கடற்போரைச் சொல்வார்கள். அக்டோபர் 7, இரு தரப்பிலும் சேர்த்து நானூறுக்கு மேற்பட்ட போர்க்கப்பல்கள். துருக்கியரை வென்றோம் என்று ஐரோப்பாவே கொண்டாடியது. அடுத்த ஆண்டே துருக்கியர் புதிய கப்பற்படை கட்டிவிட்டார்கள். 1573-இல் வெனிஸ் சமாதானம் பேசி, சைப்ரசைத் துருக்கியருக்கே விட்டுக்கொடுத்தது. ஆமாம், பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக் காக்க நினைத்த அதே சைப்ரஸ்.

அந்தப் போருக்கு மூன்று மாதங்களுக்கு முன், ஜூன் மாதத்தில், லெகஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி மணிலாவை ஸ்பானிய நகரமாக நிறுவினார். ஐரோப்பாவில் அதற்காக யாரும் மணி அடிக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் அமெரிக்காவும் ஆசியாவும் பசிபிக் கடல் வழியாக நேரடியாக, ஆண்டுதோறும் வணிகம் செய்யத் தொடங்கின. மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போய்வந்த அந்தக் கப்பல் 1815 வரை நிற்கவில்லை.

அதற்கு முன்னால் என்ன நடந்தது? 1565. போவது எளிது, காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்புவதுதான் யாருக்கும் தெரியவில்லை. கடலோடியாக இருந்து துறவியான உர்தனேட்டா, கப்பலை வடக்கே ஜப்பான் இருக்கும் அட்சரேகை வரை ஏற்றி, மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து அமெரிக்காவுக்குத் திரும்பினார். அந்த ஒரு வழி தெரியாமல் மணிலா நகரம் நிலைத்திருக்காது.

கப்பலில் ஏறியது வெள்ளி. சீனாவில் தாள் பணம் மதிப்பிழந்து, வரியையே வெள்ளியில் கட்டச் சொன்ன காலம் அது. ஐரோப்பாவில் ஒரு பங்கு தங்கத்துக்குப் பன்னிரண்டு பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும், சீனாவில் ஏறக்குறைய ஆறு போதும். வெள்ளியைச் சீனாவில் கொண்டுபோய் இறக்கினாலே மதிப்பு இரட்டிக்கும். திரும்பும் கப்பலில் பட்டும் பீங்கானும் வந்தன.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. இன்றைய பொலிவியாவில் ஏறத்தாழ நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் பொட்டோசி மலையில் 1545-இல் வெள்ளி கிடைத்தது. 1570-களில் அரசப் பிரதிநிதி தொலேதோ, சுற்றுவட்ட மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கத்துக்கு வர வேண்டும் என்று கட்டாயமாக்கினார். ஊரைவிட்டு வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். மலைக்குள் இருட்டில் இறங்கி, தாதுவை முதுகில் சுமந்து ஏணியில் ஏறினார்கள். அதிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் கலந்தார்கள், அதன் நஞ்சும் அவர்கள் உடம்பில்தான் இறங்கியது. இவ்வளவையும் வாங்கிக்கொண்ட ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்போ 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடன் கட்ட முடியாமல் கைவிரித்தார்.

வகுப்பில் உலக உருண்டை மேல் ஒரு சிவப்பு நூலை வைத்து இந்த வழியைக் காட்டுவேன். லிமாவின் துறைமுகம், அகபுல்கோ, மணிலா, சீனக் கரை என்று நூல் போகும். ஒரு மாணவி மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். பெரும்பாலான வரைபடங்களில் அந்த வழி அகபுல்கோவில்தான் தொடங்குகிறது. நான் எப்போதும் நூலின் முதல் முடிச்சைப் பொட்டோசி மேல் வைத்துத்தான் தொடங்குவேன்.