வரைபட மென்பொருள்: எதைப் படிப்பிப்பது?

கேள்வி (விரிவுரையாளர், திருநெல்வேலி): முதலாம் வருடப் புவியியல் மாணவர்களுக்கு ஆர்க்ஜிஐஎஸ் புரோவா, கியூஜிஐஎஸ்ஸா? ஆய்வுகூடக் கணினிகள் பழையவை.

பதில்: கியூஜிஐஎஸ். இலவசம் என்பது ஒரு பக்கம்; பிள்ளைகள் சொந்த லப்டொப்பில் போட்டு வீட்டிலும் செய்யலாம் என்பதுதான் பெரிய காரணம். ஆர்க்ஜிஐஎஸ் புரோ வின்டோஸில் மட்டும் ஓடும், குறைந்தது 8 ஜீபீ ராம் கேட்கும். கியூஜிஐஎஸ் 4 ஜீபீயிலும் நொண்டி நொண்டியாவது ஓடும். நான்கு மாதத்துக்கொரு புதிய பதிப்பு வரும், அதன் பின்னால் ஓடாதீர்கள். நீண்டகால ஆதரவுள்ள எல்ரிஆர் பதிப்பு ஒன்றையே எல்லாக் கணினிகளிலும் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குறிப்பிலுள்ள மெனு பாதிப் பேரின் திரையில் வேறு இடத்தில் இருக்கும். ஆர்க்ஜிஐஎஸ்ஸை இறுதி வருடத்தில் காட்டினால் போதும்.

கேள்வி (போதனாசிரியர், கிளிநொச்சி): யாழ்ப்பாணக் கிணறுகளின் புள்ளிகள் வங்காள விரிகுடாவில் போய் விழுகின்றன, ஐயா.

பதில்: இலங்கைக்கு இரண்டு ஆள்கூற்றுக் கட்டமைப்பு (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) உண்டு. பழைய கண்டவல (Kandawala) கட்டமைப்பில் (அதன் இபிஎஸ்ஜி குறியெண் 5234) தொடக்கப் புள்ளியின் கிழக்கு, வடக்கு எண்கள் 200000, 200000. 1999 கட்டமைப்பில் (5235) 500000, 500000. ஒன்றை மற்றதாகச் சொன்னால் இரு திசையிலும் 300 கிலோமீற்றர் தள்ளும். தரவு அட்டவணையைப் பாருங்கள்: யாழ் நகரம் ஏறத்தாழ 416000, 795000 என்றிருந்தால் 5235, 116000, 495000 என்றால் 5234. லேயரில் (வரைபட அடுக்கில்) வலது சொடுக்கி ‘செட் லேயர் சிஆர்எஸ்’ கொடுத்துச் சரியான கட்டமைப்பைத் தெரியுங்கள். ‘ரீபுரொஜெக்ட்’ (எண்களையே வேறு கட்டமைப்புக்கு மாற்றுவது) செய்யவேண்டாம். அது பிழையான பெயரை நம்பிக் கணக்குப் போட்டு, பிழையை எண்களுக்குள்ளேயே ஏற்றிவிடும். முதல் வாரப் பயிற்சியாக இதையே வேண்டுமென்று குழப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

கேள்வி (மாணவி, கோப்பாய்): கிணற்று நைத்திரேற்றுக்கு ஐடிடபிள்யூ (அளந்த புள்ளிகளைக் கொண்டு இடைப்பட்ட இடங்களின் அளவை மதிப்பிடும் முறை) போட்டேன். ஒரேயொரு சதுரம்தான் வந்தது.

பதில்: உங்கள் லேயர் பாகையில் (அகலாங்கு, நெட்டாங்கில்) இருக்கிறது. பிக்சல் அளவு 50 என்று போட்டால் 50 பாகை. புள்ளிகளை மீற்றரில் அளக்கும் 32644 (யூரிஎம் 44 வடக்கு) கட்டமைப்புக்கு மாற்றிச் சேமித்துவிட்டு 50 மீற்றர் கொடுங்கள். கடல்நீரேரி மேலும் நிறம் பூசிவிடும். கரையோர எல்லையால் வெட்டுங்கள். குடிநீருக்கான உலக சுகாதார நிறுவன அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம், நிறப் பிரிவில் அது ஒரு எல்லையாக வரட்டும்.

கேள்வி (விரிவுரையாளர், கொக்குவில்): தரவு அட்டவணையில் தமிழில் இட்ட நிரல் பெயர்கள் வெட்டுப்படுகின்றன.

பதில்: சேப்ஃபைலில் (பல கோப்புகளாகச் சேமிக்கும் பழைய வரைபடத் தரவு வடிவம்) நிரல் பெயருக்கு 10 பைட்தான், தமிழில் மூன்று குறியீடு அடங்கினாலே பெரிசு. ஜியோபக்கேஜ் என்ற வடிவத்தில் சேமியுங்கள். ஒரே கோப்பு என்பதால், சேப்ஃபைலின் மற்றக் கோப்புகளை விட்டுவிட்டு .shp ஐ மட்டும் பென்ட்ரைவில் கொண்டுவந்து நிற்கும் கூத்தும் இராது.