பவளத்தைத் தொட்டால் என்ன?

கேள்வி: முதல் முறையாக ஸ்கூபா டைவிங் போனேன். இரண்டு மீட்டர்கூட இறங்கவில்லை, காதில் ஊசி குத்துவதுபோல வலி. என் காதுக்கு இது ஒத்துவராதா?

பதில்: பெரும்பாலும் காதில் கோளாறு இருக்காது, காதுக்குள் காற்றை விடத் தாமதித்திருப்பீர்கள். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. மேலே ஒரு பங்கு இருப்பது 10 மீட்டரில் இரண்டு பங்காகிவிடும், அதனால்தான் ஆரம்பத்திலேயே காது இப்படிக் கத்துகிறது. தலை தண்ணீருக்குள் போனதுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுங்கள், பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் அதையே செய்யுங்கள். வலி வந்த பிறகு பலமாக ஊதுவது ஆபத்து. கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி முயலுங்கள். சளி இருந்தால் அன்றைக்கு டைவிங்கே வேண்டாம். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று இறங்கி, அதன் வேகம் கீழே இருக்கும்போது தீர்ந்துபோனால், ஏறும்போது வேறு வலி காத்திருக்கிறது.

கேள்வி: பவளப்பாறை மேல் லேசாகக் கை வைத்தேன், வழிகாட்டி தட்டிவிட்டார். பாறைதானே, தொட்டால் என்ன?

பதில்: தட்டிவிட்டது சரிதான். பாறை என்று பெயர் வைத்ததுதான் குழப்பமே. அது முழுக்கச் சின்னச் சின்ன உயிர்கள், பலவற்றுக்கு அரிசி அளவுகூட உடம்பு இல்லை. அந்த உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அவற்றுக்குப் பெரும்பகுதிச் சாப்பாடும் நிறமும் தருகிறது. மேலே ஒரு வழவழப்பான படலம் இருக்கும், அதுதான் காவல். உங்கள் விரல் முதலில் அதைத்தான் துடைத்தெடுக்கும். உருண்டைப் பவளங்கள் பல, வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆக உள்ளங்கை அளவு உடைத்தால் பத்து வருடக் கணக்கு போச்சு.

ஆனால் கையைவிடக் காலில் மாட்டும் துடுப்புதான் அதிகம் உடைக்கிறது. புதியவர்கள் நிலைதடுமாறிக் கையையும் காலையும் அடிப்பார்கள். அதெல்லாம் தேவையே இல்லை, மூச்சே போதும்: ஆழமாக இழுத்தால் ஓரிரு நொடியில் உடம்பு தானாகக் கொஞ்சம் மேலே எழும், நிதானமாக விட்டால் கீழே இறங்கும். அதற்காக மூச்சை அடக்கிவிடாதீர்கள். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துவிடும்.

கேள்வி: டைவிங் முடித்த அன்றே விமானம் ஏறலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருங்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் மேலே பறக்கும்போது குமிழியாகிவிடும்.

கேள்வி: கீழே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சிலிண்டர் பழுதா?

பதில்: எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல இடைவிடாத படபட என்றால் அது சொடுக்கு இறால்கள். கல்கண்டைக் கடிப்பதுபோல அவ்வப்போது நறுக் நறுக் என்று கேட்டால் கிளிமீன். செத்த பவளத்தை அலகால் சுரண்டி, மேலே படர்ந்த பாசியைத் தின்றுவிட்டு, அரைபட்ட சுண்ணாம்பைக் கழித்துவிட்டுப் போகும். பவளத் தீவுகளில் ஆசையாகப் படுத்து உருள்கிறோமே அந்த வெள்ளை மணல், அதில் கணிசமான பங்கு இதன் வயிற்றுக்குள் போய் வந்ததுதான்.