ராகி டின்னுக்குள் வேதாளம்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த படக்கதைப் புத்தகத்தில் பச்சையாக, வாய் நிறையப் பல்லோடு ஒரு பூதம் இருக்கிறது. பகலில் அவளே எடுத்துப் பார்க்கிறாள். இருட்டினால் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள், பாத்ரூமுக்குக்கூடத் துணை வேண்டும். இத்தனைக்கும் எங்கள் ஊர் மயானக் கொள்ளைத் திருவிழாவில் அப்பா தோளில் உட்கார்ந்து, நாக்கைத் தொங்கவிட்டு வந்த காளி வேஷத்தைப் பார்த்துக் கைதட்டியவள். புத்தகத்தைப் பீரோ மேல் ஒளித்து வைத்தேன், பயம் இன்னும் அதிகமாகிவிட்டது. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார். வீட்டுக்காரர் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: முதல் வேலையாக அந்தப் புத்தகத்தைப் பீரோ மேலிருந்து இறக்குங்கள். கண்ணெதிரே இருக்கும்வரை பூதம் அந்த இரண்டு அட்டைக்குள் இருந்தது, நீங்கள் ஒளித்து வைத்ததும் வீடு முழுக்கப் பரவிவிட்டது, அவ்வளவுதான்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். தருமபுரி பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவன் நான், ஏழு வயதில் எனக்கு வேதாளம். அம்புலிமாமாவில் மாதாமாதம் வரும் அந்தப் படம், கையில் வாளோடு விக்கிரமன், தோளில் பிணம், அதைப் பார்க்காமலும் இருக்க முடியாது, பார்த்துவிட்டால் தூங்கவும் முடியாது. ஒரு நாள் ராத்திரி தாங்காமல் புத்தகத்தை ராகி டின்னுக்குள் போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தேன். அன்றைக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. உள்ளே அது என்ன செய்கிறது என்று தெரியவில்லையே! எலி உருட்டினாலும் மூடி திறப்பதுபோலவே கேட்டது. காலையில் ராகி அள்ளப் போன பாட்டி புத்தகத்தை எடுத்து முறத்தில் தட்டி, ஒட்டியிருந்த ராகியை உதறிவிட்டு, "இவனுக்கு இங்க என்னடா வேலை, களி கேக்குறானா?" என்றாள். அன்றோடு பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் களி கேட்கிற வேதாளத்துக்கு எத்தனை நாள்தான் பயப்படுவது?

உங்கள் மகள் காளிக்குப் பயப்படாததில் ஆச்சரியமில்லை. அப்பா தோள் இருந்தது, மேளம் இருந்தது, ஊரே கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், சாயத்துக்கு அடியில் பக்கத்துத் தெரு மாமா யாரோ இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்துப் பூதத்துக்குள் யாரும் இல்லை. அதனால், அதை வரைந்தது ஒரு ஆள் என்று சொல்லுங்கள், அட்டையில் ஓவியரின் பெயர் இருந்தால் விரலை வைத்துக் காட்டுங்கள். என் வேதாளத்தை வரைந்த ஓவியர் சங்கர் (முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன்) 2020-ல் 96 வயதில் காலமானார், மறு வருஷம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தியில் அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், சின்ன வயதில் என்னை விரட்டியது இந்தப் பெரியவர் கையால் போட்ட கோடு என்பது உறைத்தது. கொஞ்சம் முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்! அப்புறம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து அவளையே பூதம் வரையச் சொல்லுங்கள். பல் எத்தனை என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

இன்னொரு வழியும் உண்டு, நூறு வருஷப் பழசு. அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத பையனுக்கு, பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து அவன் தின்னும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் முயல் விரலைக் கொறித்தாலும் பையன் அசரவில்லை. 1924-ல் இதை எழுதி வெளியிட்டார். உங்கள் வீட்டில் முயலுக்குப் பதில் புத்தகம். அவள் நிப்பட்டு தின்னும்போது மூடிய புத்தகம் எதிர்ச் சுவரோரம் இருக்கட்டும், நாலு நாள் கழித்து இன்னும் கிட்டே. பக்கத்தைத் திறப்பதும் மூடுவதும் அவள் கையில்தான் இருக்க வேண்டும், நீங்கள் திறந்து நீட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை. ஆனால் குழந்தைகள் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்கள், கயிறு கட்டுகிறார்கள் என்றால் பூதம் நிஜமாகவே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீட்டுக்காரரிடம் சிரிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். இரவில் கூடத்தில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். இந்த வயதில் நினைப்பதும் நடப்பதும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும், பெரும்பாலும் வளர வளர விலகிவிடும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தாலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நாங்கள் சொன்னால் மட்டும் தப்பா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தப்புதான். ரெண்டு வாய் கூட இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் மத்தியானம் நீங்கள் கூப்பிட்ட பூச்சாண்டியை ராத்திரி பத்து மணிக்கு "அப்படி ஒண்ணும் இல்லடா" என்று நீங்களேதான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், பிள்ளை எதை நம்புவான்? பசியில்லை என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் முறுக்கு டப்பாவைத் தேடி வருவான், அப்போது சோற்றைப் போடுங்கள்.