பழைய அயர்ன் பாக்ஸில் கவர் ஒட்டலாமா?

கேள்வி: வீட்டிலேயே பருப்புப் பொடி, இட்லிப் பொடி அரைத்து அக்கம்பக்கத்தில் வாரம் முப்பது பாக்கெட் கொடுக்கிறேன். ஹேக்சா பிளேடில் கவரை மடித்து, மெழுகுவர்த்தியில் காட்டித்தான் ஒட்டுகிறேன். பரணில் ஒரு பழைய அயர்ன் பாக்ஸ் கிடக்கிறது. அதைப் பிரித்து காயிலை எடுத்து சீலிங் மிஷின் செய்வதாக ஒரு வீடியோ பார்த்தேன். செய்யலாமா, புதிதாக வாங்கிவிடவா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அயர்ன் பாக்ஸைப் பயன்படுத்துங்கள், ஆனால் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

உங்கள் பெட்டி 1000 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். காயில் கம்பி முழு நீளத்துக்கு இருப்பதால்தான் அந்த அளவோடு நிற்கிறது. அதில் ஒரு சாண் வெட்டி நேரே பிளக்கில் கொடுத்தால் பல மடங்கு கரண்ட் பாய்ந்து, கம்பி பொறி பறக்க அறுந்துபோகும். அறுவதற்குள் கை பட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கடையில் விற்கும் கை சீலருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அது வோல்ட்டைக் குறைத்து, கைப்பிடியை அழுத்தும்போது ஓரிரு நொடி மட்டும், கவரை ஒட்டும் உலோகப் பட்டையைச் சூடாக்குகிறது. காயிலை மட்டும் உருவி எடுத்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

சரி, பிரிக்காமல் எப்படி ஒட்டுவது? முதலில் பெட்டியின் ஒயர், பிளக் நன்றாக இருக்கிறதா பாருங்கள். சூடேறியதும் விளக்கு தானாக அணைய வேண்டும். அணையவே இல்லையென்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டது, அந்தப் பெட்டி வேண்டாம். மர ஸ்கேலில் காட்டன் துணியைச் சுற்றி மேஜையில் வைத்து, கவரின் வாயை அதன்மேல் போடுங்கள். மேலே பட்டர் பேப்பர். பெட்டியை முழுதாக வைத்தால் கவர் சுருங்கிவிடும். பக்கவாட்டு விளிம்பை மட்டும் இரண்டு, மூன்று நொடி அழுத்துங்கள்.

சூடு எவ்வளவு என்பது கவரைப் பொறுத்தது. தொட்டால் மெத்தென்று இருக்கும் பாலித்தீன் கவர் 110 டிகிரி வாக்கில் உருகும். கசக்கினால் சலசலக்கும் பிபி (பாலிபுரொப்பிலீன்) கவருக்கு 160 வேண்டும். அயர்ன் பாக்ஸில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 110, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 டிகிரி. நடுவில் பட்டர் பேப்பர் இருப்பதால் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும். வெற்றுக் கவரில் குறைந்த சூட்டிலிருந்து ஆரம்பித்துப் பழகுங்கள்.

பெட்டியை எடுத்தவுடன் பேப்பரை உரிக்காதீர்கள். ஒட்டுக்குப் பலம் வருவதே ஆறும்போதுதான். என் வீட்டு இட்லிப் பொடி கவரில் ஒருமுறை, ஒட்டிய கோட்டுக்குள் ஒரு எள் மாட்டிக்கொண்டது. பார்வைக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் அந்த எள் வழியாகவே எண்ணெய் கசிந்து டப்பா முழுக்கப் பிசுக்கு. அன்றிலிருந்து கவரின் வாயை உலர்ந்த துணியால் துடைத்த பிறகுதான் ஒட்டுகிறேன். சந்தேகமாக இருந்தால் வெறும் காற்றை அடைத்து ஒட்டிய கவரைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை.

வீட்டுத் தேவைக்கு இது போதும். நீங்களோ வாரம் முப்பது பாக்கெட் பிறருக்குக் கொடுக்கிறீர்கள். எல்லாம் ஒரே மாதிரி ஒட்ட வேண்டும் என்பதால் எட்டு அங்குல கை சீலர் ஒன்று வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. எர்த் உள்ள மூன்று பின் பிளக்தானா, நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கவரையே கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே நாலைந்து ஒட்டிப் பாருங்கள். சூடாகும் பட்டையும் அதன்மேல் இருக்கும் டெஃப்லான் துணியும் தேய்ந்துபோகக்கூடியவை. உபரியாக ஒரு செட் தருவார்களா, தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். துணி கருகிய பிறகும் அதிலேயே ஒட்டினால் கவர் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும்.